டீ கிளாஸ் வைத்த இடத்தில் ஆப்பிரிக்கா

மூணுகரைப்பட்டியில் ஒரு மிருகக்காட்சிசாலை உண்டு. அதை அப்படிச் சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். உள்ளே நாலு புள்ளிமான், ஒரு முள்ளம்பன்றி, ஒரு முதலை, ஒரு நீர்யானை. அவ்வளவுதான். முதலை எட்டு வருஷமாக அசையவில்லை. அது உயிரோடு இருக்கிறதா என்று கிட்டப் போய்ப் பார்க்க யாருக்கும் தைரியம் இல்லை. செத்துவிட்டது என்று எழுதிக் கொடுக்கவும் தைரியம் இல்லை. தினமும் தூரத்தில் நின்று மீனை வீசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்துவிடுவார்கள். மறுநாள் மீன் இருக்காது. காக்கா தின்றிருக்கும் என்று பேசிக்கொள்வார்கள்.

வேலை பார்த்தது மொத்தம் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் சேர்த்து முழுசாக ஒரு மூளை இருந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

அதில் மாசானம் என்பவன் நீர்யானைக்குப் பொறுப்பு. நீர்யானையின் பெயர் ரோசாப்பூ. பதினாறு வருஷமாக அவன் கையால்தான் அது சாப்பிடும். அவன் சைக்கிள் பெல் கேட்டால் தண்ணீருக்குள் இருந்து தலையைத் தூக்கி, வீட்டு வாசல் கதவு மாதிரி வாயைத் திறக்கும். அவன் பூசணிக்காயை உள்ளே போடுவான். ஒரு தடவை பூசணிக்காயோடு சேர்த்து அவனுடைய இடது கால் செருப்பும் உள்ளே போய்விட்டது. மாசானம் அன்றைக்கு முழுக்க யோசித்தான். மறுநாள் வலது கால் செருப்பையும் கொண்டுவந்து போட்டுவிட்டான்.

"ஒத்தச் செருப்ப வச்சுக்கிட்டு அது என்ன செய்யும், பாவம்" என்றான்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் சென்னையிலிருந்து பெரிய கவர் ஒன்று வந்தது.

கவரைப் பிரித்தது சூப்பர்வைசர் தங்கப்பழம். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அவருடைய கண்ணாடியில் ஒரு பக்கம்தான் கண்ணாடி இருக்கும். அந்தப் பக்கம் வழியாகப் பார்த்தால் அவர் சீரியஸாக இருக்கிறார் என்று அர்த்தம். ஆனால் படித்தது எஸ்தரக்கா. டிக்கெட் கிழிக்கிறவள். தினமும் டிக்கெட்டைப் படித்துப் படித்து அவளுக்கு வாசிப்புப் பழகிப்போயிருந்தது.

"மேற்படி காட்சிசாலையில் ஆப்பிரிக்க சவானா அமைக்க முடிவு செய்யப்பட்டுள்ளது. பிளான் இணைக்கப்பட்டுள்ளது" என்று எஸ்தரக்கா படித்தாள்.

"சவானான்னா என்னது அண்ணாச்சி?" என்று கேட்டார் சாகுல் பாய். அவர்தான் தோட்டம், செடிகொடி எல்லாம்.

"புல்லு, பாய். ஆப்பிரிக்காவுல மொளைச்சா அதுக்குப் பேரு சவானா. நம்ம ஊர்ல மொளைச்சா அருகம்புல்லு."

"அப்ப நம்ம ஊர்ல மொளைக்கப்போற சவானாவுக்கு?"

அண்ணாச்சி கண்ணாடி இருக்கிற பக்கம் வழியாகச் சாகுல் பாயைப் பார்த்தார். "அது சர்க்கார் புல்லு. பேரு வச்சுத்தான் அனுப்புவாக. நீரு பேசாம இரும்."

எஸ்தரக்கா தொடர்ந்தாள். "பிளானில் உள்ளது அனைத்தும் உள்ளபடியே தரையில் இருக்க வேண்டும். ஒரு புள்ளி கூடவும் கூடாது, ஒரு புள்ளி குறையவும் கூடாது. மூன்று மாதம் கழித்து அலுவலர் நேரில் வந்து பிளானையும் தரையையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒத்துப்போனால் வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் அனுப்பப்படும். ஒத்துப்போகாவிட்டால் காட்சிசாலை மூடப்படும். நீர்யானை அன்றைக்கே லாரியில் ஏற்றி வடக்கே அனுப்பப்படும்."

மாசானம் மேஜைக்குக் கிட்டே வந்தான்.

"வடக்கேன்னா எதுவரைக்கும் அண்ணாச்சி?"

"டெல்லிக்கும் அங்கிட்டு."

"அங்க ரோசாப்பூவுக்குப் பூசணிக்கா குடுப்பாவளா?"

"அங்க எல்லாத்துக்கும் சப்பாத்திதாம்டே."

ரோசாப்பூ பிறந்ததிலிருந்து சப்பாத்தி சாப்பிட்டதில்லை. மாசானம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்தான். "ஒரு புள்ளி குறையக் கூடாது அண்ணாச்சி. எவன் குறைச்சாலும் நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றான். அவன் வாழ்க்கையில் பேசிய மிக நீளமான வீரவசனம் அதுதான்.

பிளானை மேஜைமேல் விரித்தார்கள். கோரைப்பாய் அகலத்துக்குக் காகிதம். ஃபேன் காற்றில் அது பறந்தது. ஃபேனை நிறுத்தலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அண்ணாச்சி குடித்துக்கொண்டிருந்த டீ கிளாஸை அதன்மேல் வைத்தார். பறப்பது நின்றது. எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

திரும்பி வந்து கிளாஸை எடுத்தால், அடியில் அழகாக ஒரு வட்டம். பழுப்பு நிறம்.

"இது மொதல்லயே இருந்துச்சா?" என்று கேட்டாள் எஸ்தரக்கா.

அண்ணாச்சி குனிந்து முகர்ந்துகூடப் பார்த்தார். "இருந்திருக்கும். நம்ம கிளாஸு மறைச்சிருந்துச்சு. அதான் தெரியல."

"நல்லவேளை எடுத்தீங்க" என்றான் மாசானம். அவனுக்கு வேர்த்தே போய்விட்டது. கிளாஸை எடுக்காமல் விட்டிருந்தால் ஒரு வட்டமே குறைந்திருக்கும். ரோசாப்பூ போயிருக்கும்.

பிளானின் கீழே ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு மீட்டர் என்று எழுதியிருந்தது. இது மட்டும் அவர்களுக்குச் சரியாகப் புரிந்துவிட்டது. அதுதான் வினை. வட்டம் ஆறு சென்டிமீட்டர். ஆகவே ஆறு மீட்டர் அகலத்துக்கு ஒரு வட்டக் கால்வாய் வெட்டினார்கள். அது சரியாக மான் பட்டிக்கு நடுவில் வந்தது. இரண்டு மான் உள்ளே, இரண்டு மான் வெளியே.

வெட்டி முடித்துத் தண்ணீர் விட்ட பிறகு கோமதிநாயகம் கையைத் தூக்கினான். அவன் பெயின்டர், போர்டு எழுதுகிறவன். நிறத்தில் அவனை ஏமாற்ற முடியாது.

"அண்ணாச்சி, பிளான்ல வட்டம் பழுப்பா இருக்கு. இங்கன தண்ணி வெள்ளையா இருக்கு."

ஐந்து பேரும் அரைமணி நேரம் ஆலோசனை செய்தார்கள். காவிப்பொடி போடலாமா, சாயம் போடலாமா என்றெல்லாம் பேசி, கடைசியில் எஸ்தரக்காதான் சொன்னாள்: "எனக்கு என்னமோ இது அப்படியே டீ கலரு மாதிரித் தெரியுது."

ஆகவே தினமும் சாயங்காலம் கால்வாயில் இரண்டு கிலோ தேயிலைத்தூள் கொட்டினார்கள். மான்கள் குடித்தன. அந்த மூன்று மாதமும் மூணுகரைப்பட்டி மான்கள் கண்ணை மூடவில்லை. பகலில் உள்ளே இருந்தவை வெளியே தாண்டும், வெளியே இருந்தவை உள்ளே தாண்டும்.

அடுத்தது மரம். பிளானில் மரத்தை எல்லாம் மேலே பறக்கிற பருந்து பார்க்கிற மாதிரி வரைந்திருந்தார்கள். பச்சைப் பச்சையாக வட்டம். அடிமரம் கிடையாது.

"தண்டு இல்லாம மரம் எப்படி நிக்கும்?" என்றார் சாகுல் பாய். முப்பது வருஷம் தோட்ட வேலை செய்தவர். நியாயமான கேள்வி.

"ஆப்பிரிக்காவுல மழை இல்ல பாய்" என்றார் அண்ணாச்சி. "இலைக்கே தண்ணி பத்தல. தண்டுக்கு எங்க போவான்?"

சாகுல் பாய்க்கு ஆப்பிரிக்காவை நினைத்துக் கண் கலங்கியது. போய் வேப்பங்கொப்புகளை வெட்டி வந்து, வட்டமாகக் கட்டி, தரையோடு தரையாகப் படுக்க வைத்தார். முப்பத்தொரு மரம். பார்க்க வருகிறவர்கள் மரத்தின்மேல் நடந்து போனார்கள். "மரத்துல ஏறாதீங்க!" என்று சாகுல் பாய் விசில் ஊதினார்.

பிளான் நாலாக மடித்து வந்திருந்தது. மடிப்பு, நெட்டுக்கு ஒரு கோடும் குறுக்கே ஒரு கோடுமாகக் காகிதத்தில் பதிந்திருந்தது. கோடு என்றால் கோடுதானே. மண்வெட்டியை எடுத்தார்கள்.

குறுக்குக் கோடு நேராக அண்ணாச்சியின் ஆபீஸ் அறைக்குள் புகுந்து வந்தது. அங்கேதான் முதல்முறையாகத் தகராறு.

"ஏலே மாசானம், என் ரூமுக்குள்ளயா வெட்டப்போற? கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு?"

"பிளான்ல கோடு உங்க ரூமு வழியாத்தான் போகுது அண்ணாச்சி."

"கொஞ்சம் வளைச்சுக்கிட்டுப் போயேண்டே."

மாசானம் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு முகத்தைத் துடைத்தான். "நீங்க வளைச்சிருவீங்க. ரோசாப்பூ சப்பாத்தி திங்கணும். அப்படித்தான?"

அண்ணாச்சி இளகிவிட்டார். மேஜைக்கு அடியில் மூன்றடி ஆழத்துக்குப் பள்ளம் போனது. அன்றிலிருந்து அவர் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் வைத்துத்தான் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். பார்க்க அரசன் யானைமேல் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று எஸ்தரக்கா சொன்னதில் அவருக்கு உள்ளூர சந்தோஷம்தான்.

நெட்டுக்கோடு முதலைத் தொட்டியின் சுவரை உடைத்துக்கொண்டு போனது. முதலை எழுந்து, பள்ளத்தில் இறங்கி, நிதானமாக நடந்து போய்விட்டது. அது உயிரோடு இருப்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. பெரிய நிம்மதி. எங்கே போனது என்று யாரும் தேடவில்லை. "கோட்டுக்குள்ள தான இருக்கும்" என்றார் அண்ணாச்சி.

மூலையில் ஒரு வளைவு நெளிவான படம் இருந்தது. ஒன்பது சென்டிமீட்டர். தொடக்கத்தில் சுருண்டு, நடுவில் நெளிந்து, கடைசியில் வால் நீண்டு, வாலுக்குக் கீழே இரண்டு புள்ளி. இதற்கு விவாதமே நடக்கவில்லை. பாம்பு. இரண்டு புள்ளி முட்டை. சாகுல் பாய் ஒன்பது மீட்டர் நீளத்துக்கு அந்தப் பாம்பைச் செவ்வந்திப் பூவால் நட்டார். வாலுக்குக் கீழே தினமும் இரண்டு கோழி முட்டை வைத்தார். மறுநாள் முட்டை இருக்காது.

"பூவே முட்டை திங்குது பாருங்க" என்று சாகுல் பாய் மாசானத்திடம் ரகசியமாகச் சொன்னார். "சர்க்கார் செடின்னா சர்க்கார் செடிதான்."

பக்கத்துப் புதருக்குள் முதலை ஏப்பம் விட்டது. யாரும் கவனிக்கவில்லை.

வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் பிளானில் வெறும் கோட்டுப் படமாக இருந்தன. உள்ளே ஒன்றும் இல்லை. அதனால் கோமதிநாயகம் சுண்ணாம்பை எடுத்துத் தரையில் அப்படியே கோடு போட்டுவிட்டான். நாலு வரிக்குதிரை, ஒரு ஒட்டகச்சிவிங்கி. வாய் இருக்கிற இடத்தில் தினமும் ஒரு கட்டுப் புல். தூக்கம் கெட்ட மான்கள் வந்து தின்றுவிட்டுப் போகும். "வரிக்குதிரை நல்லா சாப்பிடுது, ஒட்டகச்சிவிங்கிதான் கொஞ்சம் மந்தம்" என்று அண்ணாச்சி நோட்டில் எழுதி வைத்தார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த அன்றைக்குத்தான் மாசானம் அதைப் பார்த்தான்.

பிளானின் மடிப்புக்குள் ஒரு சின்ன உருவம். ஒரு சென்டிமீட்டர். மெலிந்த உடம்பு, ஆறு கால், பக்கத்தில் ஒரு துளி சிவப்பு.

"அண்ணாச்சி, இது கொசு மாதிரி இருக்கு."

"சர்க்கார் பிளான்ல கொசு எப்படிவே வரும்?"

"காகிதத்தை மடிக்கும்போது மாட்டியிருக்கும்லா?"

அந்த மூன்று மாதத்தில் அங்கே நடந்த ஒரே புத்திசாலித்தனம் இது. மாசானம் வாயிலிருந்து தெரியாமல் வந்துவிட்டது. அதை எப்படிச் சமாளிப்பது என்று எல்லோரும் திகைத்துப்போனார்கள். அண்ணாச்சிதான் காப்பாற்றினார்.

"கொசுதான். நான் இல்லைன்னு சொல்லல. ஆனா பிளான்ல ஒரு சென்டிமீட்டர்னா நெசத்துல எவ்வளவு?"

"ஒரு மீட்டர்" என்றாள் எஸ்தரக்கா.

ஐந்து பேரும் தரையிலிருந்து கையால் அளந்து பார்த்தார்கள். ஒரு மீட்டர் கொசு. கன்றுக்குட்டி உயரம். ஆப்பிரிக்காவில் அப்படித்தான் இருக்குமாக்கும்.

"அது கடிச்சா என்ன ஆகும் அண்ணாச்சி?" என்று கேட்டான் கோமதிநாயகம்.

"கடிக்கிறதாவது. குடிக்கிறதுதான். ஒரு ஆளு, ஒரு தடவை."

மூங்கிலையும் சாக்கையும் வைத்து கோமதிநாயகமே ஒரு மீட்டர் கொசு செய்தான். செய்து முடித்ததும் அவனுக்கே பயம் வந்துவிட்டது. ஆகவே கூண்டு அடித்து உள்ளே போட்டுப் பூட்டினார்கள். போர்டு எழுதினார்கள்: "ஆப்பிரிக்கக் கொசு. கையை உள்ளே நீட்டாதீர்கள். ஓ பாசிட்டிவ் ஆட்கள் தூரமாக நிற்கவும்." அந்தச் சிவப்புத் துளிக்காக எஸ்தரக்கா வீட்டிலிருந்து பீட்ரூட் கொண்டுவந்தாள்.

மாசானம் ரோசாப்பூவிடம் போய், "ஒண்ணுகூட விடல தாயி. கொசுவக்கூட வச்சாச்சு. நீ எங்கயும் போக மாட்ட" என்றான். ரோசாப்பூ வாயைத் திறந்தது. உள்ளே பூசணிக்காயைப் போட்டான்.

மூன்று மாதம் முடிந்த அன்று காலை பத்தரைக்கு ஜீப் வந்தது. பின்னாலேயே ஒரு பெரிய லாரியும் வந்தது. மேலே இரும்புக் கூண்டு. எப்படியும் இந்த ஐந்து பேரும் சொதப்பியிருப்பார்கள் என்று சென்னையில் முன்கூட்டியே முடிவு செய்து லாரியைக் கையோடு அனுப்பியிருந்தார்கள். அதில் ஒன்றும் தப்பில்லை. லாரி கேட்டுக்கு உள்ளே வந்து நின்றது. மாசானம் போய் அந்தக் கூண்டுக்கும் ரோசாப்பூவின் தொட்டிக்கும் நடுவில் நின்றுகொண்டான்.

ஜீப்பிலிருந்து இறங்கிய அம்மாவின் பெயர் நிரஞ்சனா. பிளான் போட்டதே அவர்தான்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் குடை பிடித்தபடி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றான். கோமதிநாயகம்.

"யார் இவரு?"

"பார்வையாளர், மேடம்" என்றார் அண்ணாச்சி. "பிளான்ல கேட்டு பக்கத்துல ஒருத்தர் குடையோட நடக்கிற மாதிரி இருக்காருல்லா?"

"ஏன் காலைத் தூக்கிட்டு நிக்கிறாரு?"

"பிளான்ல காலை கீழ வைக்கலயே மேடம். காலையில ஆறு மணிலருந்து நிக்கான். கீழ விட்டா தப்பாயிரும்."

"கும்பிடுதேன் மேடம்" என்றான் கோமதிநாயகம், அசையாமல்.

நிரஞ்சனா மேடம் உள்ளே நடந்தார். படுத்திருந்த மரங்களைப் பார்த்தார். டீ கால்வாயைப் பார்த்தார். அதன்மேல் சிவந்த கண்ணோடு தாண்டிக்கொண்டிருந்த மான்களைப் பார்த்தார். கூண்டுக்குள் இருந்த கொசுவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். போர்டையும் படித்தார். அவர் ஓ பாசிட்டிவ் போலிருக்கிறது, ஒரு அடி பின்னால் வந்தார்.

செவ்வந்திப் பூவுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார்.

"இது என்னது?"

"பாம்பு மேடம்" என்றார் சாகுல் பாய் பெருமையாக.

"இது என் கையெழுத்து."

சாகுல் பாய் பூவைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். "மூணு மாசமா தினம் ரெண்டு முட்டை வச்சேன், மேடம். ஒரு நாள்கூட மிச்சம் வைக்கல நீங்க."

மேடம் பையிலிருந்து தன்னுடைய பிளானை எடுத்து ஜீப்பின் பானட்டில் விரித்தார். புதுசு. மடிக்காமல் சுருட்டி வைத்தது. வட்டம் இல்லை, குறுக்குக் கோடு இல்லை, கொசு இல்லை. ஐந்து பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"ஐயோ பாவம்" என்றாள் எஸ்தரக்கா. "மேடத்துக்குப் பாதிதான் குடுத்திருக்காவ."

மாசானம் அவர்களுடைய பிளானைக் கொண்டுவந்து காட்டினான். மேடம் அதைப் பார்த்தார். கண்ணை மூடித் திறந்தார். மறுபடியும் பார்த்தார்.

"இது டீக்கறை. இது மடிப்பு. இது கொசு!"

"அதத்தான மேடம் நாங்களும் வச்சிருக்கோம்" என்றார் அண்ணாச்சி.

"இந்தக் குப்பை செல்லாது! என் கையில இருக்கே, இதுதான் பிளான். இதுல இருக்கதுதான் தரையில இருக்கணும். ஒரு புள்ளி கூடக்கூடாது, ஒரு புள்ளி குறையக்கூடாதுன்னு எழுதினேனே, படிக்கத் தெரியாதா?" கத்தியதில் அவருக்குத் தொண்டை வறண்டுவிட்டது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து அண்ணாந்தார். "நீர்யானையை லாரியில ஏத்துங்க. நான் ரிப்போர்ட் எழுதப் போறேன்."

அப்போது பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீர் பிளானில் சிந்தியது. மேடம் அதைக் கவனிக்கவில்லை. பிளானை அங்கேயே விட்டுவிட்டு விறுவிறுவென்று அண்ணாச்சியின் ஆபீஸ் அறைக்குப் போனார். உள்ளேயிருந்து, "இங்க எதுக்குய்யா பள்ளம்!" என்று ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் வைத்து எழுத உட்கார்ந்துவிட்டார் போல. சத்தம் இல்லை.

மாசானம் மட்டும் பானட்டை விட்டு நகரவில்லை. அவன் கண்ணில் தண்ணீர் நிறைந்து பிளான் மங்கலாகத் தெரிந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தான். பிளானிலும் தண்ணீர். கேட்டுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

"அண்ணாச்சி" என்றான் மெதுவாக. "மேடம் பிளான்ல ஒரு குளம் இருக்கு."

எல்லோரும் ஓடிவந்தார்கள். கோமதிநாயகம்கூட ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து வந்தான். அண்ணாச்சி கண்ணாடி இருக்கிற பக்கம் வழியாகக் குனிந்து பார்த்தார்.

"ஆமாடே. நம்ம பிளான்ல இது இல்ல. அதான் மேடத்துக்கு அவ்வளவு கோவம். குளத்த விட்டுட்டோம்."

"காயுது அண்ணாச்சி, காயுது!" என்று எஸ்தரக்கா அலறினாள். "காயுறதுக்குள்ள அளந்திருங்க!"

ஸ்கேல் வைத்து அளந்தார்கள். ஏழு சென்டிமீட்டர். இடம் சரியாக லாரி நிற்கிற இடம்.

மூன்று மாத வேலையை அவர்கள் ஒரு நாளும் அவசரமாகச் செய்ததில்லை. அன்றைக்குச் செய்தார்கள். டிரைவர் சீட்டில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தூக்கம் கெட வேண்டாமே என்று லாரியைச் சுற்றியும் அடியிலும் பைய வெட்டினார்கள். டயருக்குக் கீழே இருந்த மண்ணைக்கூடப் பக்குவமாக எடுத்தார்கள். லாரி ஒரு சத்தம் போடாமல் இறங்கியது. ஆழம் எவ்வளவு என்று பிளானில் இல்லாததால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. தண்ணீர்க் குழாய் ஒன்று உடைந்து, "பொசுக்" என்று பீறிட்டு அடித்தபோதுதான் குளம் என்பது இவ்வளவு ஆழம் என்று தெரிந்துகொண்டார்கள்.

தண்ணீர் ஏறியது. லாரியின் பாதி உள்ளே போனது. டிரைவர் கால் நனைந்து எழுந்து, ஜன்னல் வழியாக மேலே ஏறி, கூண்டின் உச்சியில் உட்கார்ந்து சாமி பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்.

"இப்ப ரோசாப்பூவ கூட்டிட்டு வாடே" என்றார் அண்ணாச்சி. "ஏத்தணும்னு மேடம் சொல்லியிருக்காவல்லா. சொன்னதச் செய்யணும்."

மாசானம் சைக்கிள் பெல்லை அடித்துக்கொண்டே முன்னால் நடந்தான். ஒவ்வொரு அடிக்கும் அவனுக்கு உயிர் போய் வந்தது. ரோசாப்பூ பின்னாலேயே வந்தது, ஒன்றும் தெரியாமல், வாயைத் திறந்து மூடியபடி. லாரிக்குப் பக்கத்தில் வந்ததும் தண்ணீரைப் பார்த்தது. புதுத் தண்ணீர். அதன் பழைய தொட்டியைவிட இரண்டு மடங்கு. அது மாசானத்தைத் தாண்டி, கோமதிநாயகத்தின் குடையையும் தாண்டி, நேராக உள்ளே இறங்கி, லாரியின் பானட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தது. கண்ணை மூடிக்கொண்டது. மூக்கு வழியாக ஒரு பெருமூச்சு விட்டது. டிரைவர் சாமி பெயரை இன்னும் சத்தமாகச் சொன்னார்.

சத்தம் கேட்டு மேடம் வெளியே ஓடிவந்தார். கையில் பாதி எழுதிய ரிப்போர்ட்.

"என்ன... என்னய்யா செஞ்சீங்க?"

"உங்க பிளான்படி, மேடம்" என்றான் மாசானம். ஜீப்பின் பானட்டில் இருந்த காகிதத்தைக் காட்டினான். ஈரம் காய்ந்து, காகிதம் சுருங்கி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடம் தெரிந்தது. ஏழு சென்டிமீட்டர். கேட்டுக்குப் பக்கத்தில்.

மேடம் பிளானைப் பார்த்தார். குளத்தைப் பார்த்தார். மறுபடியும் பிளானைப் பார்த்தார். மொத்த மிருகக்காட்சிசாலையிலும் அவர் பிளானோடு அச்சுப் பிசகாமல் ஒத்துப்போனது அந்த ஒன்றுதான்.

"கிரேன் வரவைங்க" என்றார்.

"வராது மேடம்" என்றார் அண்ணாச்சி மரியாதையாக. "ரோட்டுக்குக் குறுக்கே நம்ம கோடு போகுது. மேல போட்டிருந்த பலகை லாரி வந்ததோட முறிஞ்சுபோச்சு. ஆளு தாண்டிரலாம். கிரேன் தாண்டாது."

"அந்தப் பள்ளத்தை மூடுங்க."

"பள்ளத்த மூடுங்கன்னு பிளான்ல எங்கயும் இல்லையே மேடம். நல்லா தேடிப் பார்த்துட்டோம்."

மேடம் அங்கேயே ஒரு படுத்திருந்த மரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார். சாகுல் பாய் விசிலை வாய்வரைக்கும் கொண்டுபோய், மரியாதைக்காக ஊதாமல் விட்டார். புதரிலிருந்து முதலை வெளியே வந்து, எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டு முட்டையையும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனது. மேடம் பாதி எழுதிய ரிப்போர்ட்டை நாலாகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். இதை எந்த மேலதிகாரிக்கு எந்த மொழியில் எழுதிப் புரியவைப்பது?

ரொம்ப நேரம் கழித்து, "ஒரு டீ கிடைக்குமா?" என்று கேட்டார்.

எஸ்தரக்கா ஓடிப்போய் டீ கொண்டுவந்தாள். நல்ல சூடு. மேடத்தால் கையில் பிடிக்க முடியவில்லை. எழுந்து ஜீப்பிடம் போனார். எங்கேயாவது வைக்கலாம் என்று பார்த்தார். பானட்டில் பிளான்தான் விரிந்து கிடந்தது. கிளாஸை அதன்மேல் கொண்டுபோனார்.

ஐந்து பேரும் சத்தமில்லாமல் எழுந்து நின்றார்கள். ஆளுக்கொரு மண்வெட்டி. கோமதிநாயகம் தூக்கியிருந்த காலைக்கூடக் கீழே வைத்துவிட்டான்.

மாசானம் குளத்தைத் திரும்பிப் பார்த்தான். ரோசாப்பூவின் பின்பக்கம் கொஞ்சம் கரையில் தங்கியிருந்தது.

"மேடம்" என்றான் பணிவாக. "கிளாஸ ஒரு விரக்கடை வலப்பக்கமா வைங்க. அவளுக்கு இடம் பத்தல."